அழைக்காமலே வரும் விருந்தாளிகள்

வீட்டில் விருந்து. அடுப்பங்கரையில் இரண்டு நாட்களாக ஓயாத வேலை. மேஜை நிறையப் பண்டங்கள். ஆனால், ஒருவருக்குக் கூட அழைப்பு அனுப்பவில்லை! யார் வருவார்கள், எத்தனை பேர் வருவார்கள் என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. கதவு மட்டும் திறந்திருக்கிறது.

இப்படி ஒரு விருந்து செர்பியா நாட்டில் வீட்டுக்கு வீடு நடக்கிறது. அழைப்பு அனுப்பினால்தான் அங்கே தவறு!

செர்பியா, ஐரோப்பாக் கண்டத்தின் தென்கிழக்கே பால்கன் பகுதியில் இருக்கிறது. முன்பு யுகோஸ்லாவியா என்ற நாட்டின் ஒரு பகுதியாக இருந்தது. அந்த யுகோஸ்லாவியா இன்று இல்லை. 2006ஆம் ஆண்டு முதல் செர்பியா தனி நாடு. தலைநகர் பெல்கிரேட். மக்களில் பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். பழைய பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் சபை அது. ஆகவே, அவர்களுடைய கிறிஸ்துமஸ் டிசம்பர் 25 அன்று வராது. 13 நாள் தள்ளி, ஜனவரி 7 அன்று வரும்.

மேலே சொன்ன விருந்துக்கு ‘ஸ்லாவா’ என்று பெயர்.

குடும்பத்துக்கு ஒரு புனிதர்

ஒவ்வொரு செர்பியக் குடும்பத்துக்கும் காவலாக ஒரு புனிதர் உண்டு. அந்தப் புனிதரின் திருநாளே அந்தக் குடும்பத்தின் ஸ்லாவா. புனித நிக்கலஸ் என்றால் டிசம்பர் 19. புனித ஜார்ஜ் என்றால் மே 6. புனித யோவான் என்றால் ஜனவரி 20. தலைமைத் தூதர் மிக்கேல் என்றால் நவம்பர் 21. ஆளுக்கொரு பிறந்தநாள் இருப்பது போல இங்கே குலத்துக்கு ஒரு நாள். தகப்பனிடமிருந்து மகனுக்கு, அவனிடமிருந்து அவன் மகனுக்கு என்று அது தலைமுறை தலைமுறையாக வருகிறது. 2014இல் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் ஸ்லாவாவையும் சேர்த்தது.

இந்த விருந்துக்கு நாலு பொருள்கள் இல்லாமல் முடியாது. மெழுகுவர்த்தி, ரொட்டி, வேகவைத்த கோதுமை, சிவப்புத் திராட்சை மது. மற்றவை எல்லாம் அவரவர் வசதி.

ரொட்டிக்குக் ‘கோலாச்’ என்று பெயர். வீட்டுத் தலைவிதான் அதைச் செய்வாள். சில நாட்களுக்கு முன்பே பாதிரியார் வந்து மந்திரித்துக் கொடுத்த தண்ணீரில் மாவு பிசைவாள். ரொட்டியின் மேலே மாவினாலேயே சிலுவை, திராட்சைக் குலை, கோதுமைக் கதிர், சிறு பறவை என்று வைத்து அலங்காரம் செய்வாள். பெண்கள் தங்கள் கைத்திறனைக் காட்டும் இடம் இது. வருகிறவர்கள் முதலில் பார்ப்பதும் இந்த ரொட்டியைத்தான்.

கோதுமையை வேகவைத்து, அரைத்து, சர்க்கரையும் அக்ரூட் பருப்பும் சேர்த்துப் பிசைந்து குவித்து வைப்பார்கள். அதுதான் ‘ஜிட்டோ’. வாசற்படி தாண்டி வருகிற ஒவ்வொருவரும் முதலில் இதில் ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட வேண்டும். செத்துப் போனவர்களின் நினைவும் இந்தக் கோதுமையோடு சேர்ந்தது. நீத்தார் நாளில் கல்லறைக்கு எடுத்துப் போவதும் இதே கோதுமைதான். மிக்கேல் புனிதரைக் கும்பிடும் சில வீடுகளில் இதைச் செய்ய மாட்டார்கள். “தேவதூதருக்கு ஏது சாவு? அவர் உயிரோடு இருக்கிறார்” என்பது அவர்கள் சொல்லும் காரணம்!

பிறகு ரொட்டியைப் பிட்கும் சடங்கு. பாதிரியாரும் வீட்டுத் தலைவரும் குடும்பத்தாரும் ரொட்டியைச் சுற்றி நின்று, எல்லாரும் அதைப் பிடித்துக் கொண்டு வட்டமாகச் சுற்றுவார்கள். அடிப்பக்கத்தில் சிலுவை போல் கீறி, அதில் மதுவை ஊற்றுவார்கள். பிறகு அதை முத்தமிட்டு இரண்டாகப் பிட்பார்கள். பாதிரியார் வர முடியாவிட்டால் வீட்டுத் தலைவரே செய்து கொள்ளலாம். காலையில் ஏற்றிய மெழுகுவர்த்தி விருந்து முடியும் வரை எரியும். அதை வாயால் ஊத மாட்டார்கள். மதுவில்தான் அணைப்பார்கள்.

உட்காராத வீட்டுக்காரர்

வீட்டுத் தலைவருக்கு ‘டொமாச்சின்’ என்று பெயர். செர்பிய மொழியில் இது பெரிய மரியாதைச் சொல். ஒருவரைப் பார்த்து “நல்ல டொமாச்சின்” என்றால் அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டியதில்லை. மற்ற நாட்களில் மேஜையின் தலைமாட்டில் இருப்பவர் அவர்தான். ஆனால், ஸ்லாவா அன்று அவர் உட்கார மாட்டார்! பழைய வழக்கப்படி நாள் முழுவதும் நின்று கொண்டே விருந்தாளிகளுக்கு ஊற்றிக் கொடுத்து, உபசரித்துக் கொண்டிருப்பார். அன்று அவர் தன் வீட்டில் வேலைக்காரர்.

இதைப் படிக்கும்போது, “அவர் நிற்பது இருக்கட்டும், அடுப்பங்கரையில் இருப்பவள் எத்தனை நேரம் நிற்கிறாள்?” என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? நியாயமான கேள்விதான். பண்டங்களின் வரிசையைப் பாருங்கள்.

முதலில் புகையில் உலர்த்திய இறைச்சி, பாலாடைக்கட்டி, ‘காய்மாக்’. பாலைக் காய்ச்சி ஆறவைத்து, மேலே படியும் ஏட்டை எடுத்து, உப்புப் போட்டு அடுக்கடுக்காகச் சேர்த்து வைப்பதுதான் காய்மாக். புதியது வெண்ணெய் போல இருக்கும். நாள்பட்டது புளிப்பும் காரசாரமும் ஏறி மஞ்சளாகி விடும். பிறகு சூப். அதன்பின் ‘சர்மா’. புளிக்கவைத்த முட்டைக்கோஸ் இலையில் கொத்திய இறைச்சியும் அரிசியும் வைத்துச் சுருட்டி, மணிக்கணக்கில் சிறு தீயில் வேகவிட்டது. அப்புறம் சுட்ட இறைச்சி. கடைசியில் விதவிதமான சிறு கேக்குகள். ஒரு தட்டில் எட்டுப் பத்து வகைகூட இருக்கும். விருந்தாளிகள் எத்தனை பேர் என்று தெரியாதே! ஆகவே, எல்லாமே அளவுக்கு மேல் இருந்தாக வேண்டும். ‘போதவில்லை’ என்ற பேச்சு வந்தால் அந்த வீட்டுக்கு அவமானம்.

புனித நிக்கலஸை வழிபடும் வீடுகளில் வேறு ஒரு சங்கடம். செர்பியாவில் மிகுதியான குடும்பங்கள் கொண்டாடுவது அவரைத்தான். ஆனால், அவருடைய நாள் கிறிஸ்துமஸுக்கு முந்திய நோன்புக் காலத்தில் விழுகிறது. இறைச்சி, பால், முட்டை, வெண்ணெய் எதுவும் கூடாது! அதற்காக விருந்தை விட்டு விடுவார்களா? மீன் வறுவல், அவரை விதைக் கறி, அரிசியும் அக்ரூட்டும் வைத்த சர்மா, முட்டையில்லாத கேக் என்று வேறு ஒரு விருந்தே படைத்து விடுகிறார்கள். டிசம்பர் நடுவில் செர்பிய ஊர்களின் மீன் கடைகளில் கூட்டம் அலைமோதுவது இதனால்தான். டான்யூப், சாவா ஆறுகள் ஓடும் நாடு. கெண்டை இனத்து மீனுக்கு அன்று ராஜ மரியாதை.

யாரை அழைப்பது என்ற தொல்லை இல்லை என்று சொன்னோம். முதல் தடவை ஒருவரிடம், “எங்கள் ஸ்லாவா இந்த நாள்” என்று சொல்லி வைத்தால் போதும். அதன்பின் ஆண்டுதோறும் அவராகவே வருவார். வராவிட்டால்தான், “ஏதாவது மனத்தாங்கலோ?” என்று கேள்வி எழும்.

திரைக்குப் பின்னால்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1945இல் யுகோஸ்லாவியாவில் கம்யூனிஸ்டு ஆட்சி வந்தது. கட்சிக்காரர்களும் அதிகாரிகளும் மத விழாவைப் பகிரங்கமாகக் கொண்டாட முடியாத நிலை. அழைப்பு இல்லாத விருந்து அப்போது வசதியாகப் போயிற்று! ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, நெருங்கிய உறவினரோடு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பட்டணத்தில் உத்தியோகம் பார்த்த மகன் வீட்டில் ஒன்றும் செய்ய மாட்டான். கிராமத்தில் கிழத் தாய் தந்தையர் விளக்கேற்றுவார்கள். “அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன்” என்று அவன் அந்த நாளில் ஊருக்குப் போவான். 1980களின் கடைசியில் கட்டுப்பாடு தளர்ந்ததும் திரைகள் விலகின.

பெண்களுக்கு மட்டும் இந்த வழக்கத்தில் ஒரு குறை உண்டு. கல்யாணமான பெண் பிறந்த வீட்டு ஸ்லாவாவை விட்டுவிட்டுப் புருஷன் வீட்டு ஸ்லாவாவை ஏற்க வேண்டும். சிறுவயது முதல் அவள் அம்மாவோடு சேர்ந்து மாவு பிசைந்து பழகிய நாளில், இனி அவளும் ஒரு விருந்தாளிதான். ஆண் வாரிசு இல்லாத வீட்டில் அந்த விளக்கு அணைந்து போகும். இதற்குச் சில வீடுகளில் வழி கண்டிருக்கிறார்கள். புருஷன் வீட்டு நாளைப் பெரிதாகவும், தகப்பன் வீட்டு நாளைச் சிறிதாகவும் இரண்டையுமே கொண்டாடுகிறார்கள். சமையல் வேலை இரட்டிப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே அடுப்பு

பழைய காலத்தில் செர்பியக் கிராமங்களில் ‘ஸத்ருகா’ என்னும் கூட்டுக் குடும்பம் இருந்தது. அண்ணன் தம்பிகள், அவர்கள் மனைவி மக்கள் எல்லாரும் ஒரே குடித்தனம். நடுவே பெரிய வீடு. அதன் மத்தியில் திறந்த அடுப்பு. மேலே கூரையிலிருந்து சங்கிலி தொங்கும். அதில் கொப்பரை மாட்டியிருக்கும். கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும் பெரிய வீட்டைச் சுற்றி ஒரு சிறு மரக்குடில் உண்டு. ஆனால், அந்தக் குடிலில் அடுப்பு கிடையாது! பனிக்காலமானாலும் கிடையாது. தூங்க மட்டும்தான் குடில். நெருப்பும் சாப்பாடும் பெரிய வீட்டில். அடுப்புத் தனியானால் குடும்பம் தனியாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள் போலும்!

மருமகள்கள் முறைவைத்துச் சமைப்பார்கள். மூன்று கால் முக்காலியில் உட்கார்ந்து, தாழ்வான வட்ட மேஜையைச் சுற்றி ஆண்கள் முதலில் சாப்பிடுவார்கள். இளைய மருமகள் நின்று பரிமாற வேண்டும். அவள் சாப்பாடு அப்புறம். ஸ்லாதிபோர் மலைப்பகுதியில் சிரோகோய்னோ என்ற கிராமத்தில் இப்படிப்பட்ட பழைய மர வீடுகளைக் கொண்டுவந்து நிறுத்தி, திறந்தவெளிக் காட்சிச்சாலை ஆக்கியிருக்கிறார்கள். அடுப்பு, சங்கிலி, முக்காலி, பால்வீடு எல்லாவற்றையும் அங்கே இன்றும் பார்க்கலாம்.

ஸத்ருகா பிரிந்தபோது நிலத்தைப் பங்கு போட்டார்கள், மாட்டைப் பங்கு போட்டார்கள். ஸ்லாவாவை எப்படிப் பங்கு போடுவது? தனிக்குடித்தனம் போகும் மகனுக்குத் தகப்பன் தன் ஸ்லாவா ரொட்டியில் ஒரு பங்கைப் பிட்டுக் கொடுப்பான். அதை வாங்கிக்கொண்டு போய் மகன் தன் வீட்டில் விளக்கேற்றுவான். இன்று வியன்னாவிலும் சிகாகோவிலும் குடியேறிய செர்பியர் வீடுகளில் எரியும் விளக்குகளும் அப்படிப் பிரிந்து போனவைதான்.

வைக்கோல் மேல் விருந்து

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், ஜனவரி 6. விடியும் முன்பே வீட்டுத் தலைவர் காட்டுக்குப் போய் இளம் ஓக் மரம் ஒன்றை வெட்டி வருவார். மரத்துக்கு ‘காலை வணக்கம்’ சொல்லிவிட்டுத்தான் கோடரியை வீசுவார்! மாலையில் அது வீட்டுக்குள் வரும். கூடவே வைக்கோலும் வரும். தரையில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வைக்கோல் பரப்பும்போது பெரியவர்கள் கோழி போலக் கொக்கரிப்பார்கள். குழந்தைகள் குஞ்சு போலக் கீச்சிட்டுக்கொண்டு பின்னாலே ஓடும். வீட்டின் நாலு மூலைக்கும் அக்ரூட் கொட்டைகளை வீசுவார்கள்.

மறுநாள் ‘செஸ்னித்ஸா’ என்ற ரொட்டி. உள்ளே ஒரு நாணயம் வைத்துச் சுட்டிருப்பார்கள். கத்தி படக் கூடாது. எல்லாரும் கையால் பிய்க்க வேண்டும். நாணயம் யார் துண்டில் வருகிறதோ அவருக்கு அந்த ஆண்டு அதிர்ஷ்டம். வீட்டுக்கென்று ஒரு துண்டு, வழிப்போக்கன் வந்தால் கொடுக்க ஒரு துண்டு என்றும் எடுத்து வைப்பார்கள். பட்டணத்துப் பல மாடிக் கட்டடங்களில் இன்று ஓக் மரத்தை இழுத்து வர முடியுமா? கடைத் தெருவில் கட்டாக விற்கும் சிறு கிளையையும் ஒரு பிடி வைக்கோலையும் வாங்கிப் போகிறார்கள்.

மிளகாய் வாசம் வீசும் ஊர்கள்

செப்டம்பர் மாதத்தில் செர்பியாவின் தென்பகுதிக்குப் போனால் தெருவெல்லாம் ஒரே வாசனை. மிளகாய் சுடுகிறார்கள்! காரமான மிளகாய் அல்ல. குடைமிளகாய் இனத்தைச் சேர்ந்த, நீளமான, சதைப்பற்றுள்ள சிவப்பு மிளகாய். லெஸ்கோவாத்ஸ் வட்டாரம் இதற்குப் பேர் போனது.

சாக்குச் சாக்காக வாங்கி வந்து, விறகடுப்பின் தகட்டின்மேல் போட்டுத் தோல் கருகும் வரை சுடுவார்கள். சூட்டோடு மூடி வைத்தால் தோல் கழன்று விடும். ஒவ்வொன்றாகத் தோல் உரித்து, விதை நீக்கி, தண்ணீர் வடியவிட்டு, அரைத்து, பெரிய சட்டியில் எண்ணெய் விட்டு மணிக்கணக்காகக் கிளறுவார்கள். கரண்டியை நிறுத்தினால் அடிப்பிடிக்கும். ஒருத்தி கை ஓய்ந்தால் இன்னொருத்தி வாங்கிக் கொள்வாள். இதுதான் ‘ஐவார்’. இத்தனை பாடுபட்ட பிறகு, போட்ட மிளகாயில் பாதி எடைகூடத் தேறாது. கத்தரிக்காய் சேர்க்கலாமா, கூடாதா என்பதில் வீட்டுக்கு வீடு வாக்குவாதம். லெஸ்கோவாத்ஸ்காரர்கள் கூடவே கூடாது என்பார்கள்.

செர்பிய மொழியில் மிளகாய்க்கு ‘பாப்ரிகா’ என்று பெயர். மிளகாய்ச் செடி அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆனால், பெயர் இந்தியாவிலிருந்து போனது! மிளகைக் குறித்த பழைய சொல்லிலிருந்து பாப்ரிகா பிறந்தது. அந்தச் சொல்லின் வழியைப் பிடித்துக்கொண்டு லத்தீன், கிரேக்கம் என்று போனால் ‘பிப்பலி’யில் வந்து முடியும். நம் நாட்டு மருந்துக் கடையில் இருக்கும் திப்பிலிதான்! அதைப் போலவே சர்க்கரைக்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘ஷெச்செர்’. துருக்கியர் ஆட்சியில் அங்கே போன சொல் அது. துருக்கியருக்கு அதைக் கொடுத்தது பாரசீகம். பாரசீகத்துக்குக் கொடுத்தது இந்தியா.

ஐவார் முடிந்ததும் முட்டைக்கோஸ். முழு முட்டைக்கோஸின் குருத்தைக் குடைந்து உப்பை நிரப்பி, பீப்பாயில் அடுக்கி, உப்புத் தண்ணீர் ஊற்றி, மேலே கல்லை ஏற்றி வைப்பார்கள். சில வாரத்தில் புளித்து விடும். இதைப் பெரிய துண்டுகளாக நறுக்கி, இறைச்சியோடு மாற்றி மாற்றி அடுக்கி, மண்பானையில் கிளறாமல் அரை நாள் வேகவைத்தால் அதற்குக் ‘கல்யாண முட்டைக்கோஸ்’ என்று பெயர். இந்தப் பானைகளுக்குப் பேர் பெற்ற ஊர் ஸ்லாகுசா. களிமண்ணில் சுண்ணாம்புக் கல்வகை ஒன்றைப் பொடித்துச் சேர்த்து, கையால் சுற்றும் சக்கரத்தில் வனைகிறார்கள். அந்தத் தொழிலும் 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

இப்படிக் குளிர்காலத்துக்குச் சேர்த்து வைக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘ஸிம்னித்ஸா’ என்று பெயர். கடைகளில் எல்லாம் கிடைக்கும் இந்தக் காலத்தில் இந்தப் பாடு எதற்கு என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. 1993ஆம் ஆண்டை நேரில் கண்டவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

யுகோஸ்லாவியா உடைந்து போர் மூண்ட சமயம். 1992 மே மாதம் ஐக்கிய நாடுகள் சபை பொருளாதாரத் தடை விதித்தது. பணத்தின் மதிப்பு பாதாளத்துக்குப் போயிற்று. 1993இல் 50,000 கோடி தினார் நோட்டு அச்சடித்தார்கள். ஒரே நோட்டு! 1994 ஜனவரியில் அந்த ஒரு மாதத்தில் மட்டும் விலைவாசி 31 கோடி சதவீதத்துக்கு மேல் ஏறியது. காலையில் வாங்கிய சம்பளம் மாலையில் காகிதம். கடைகளில் தட்டுகள் காலி. அந்தக் குளிர்காலத்தில் பட்டணத்துக் குடும்பங்களைக் காப்பாற்றியவை நிலவறையில் இருந்த புளித்த முட்டைக்கோஸ் பீப்பாயும், ஐவார் ஜாடிகளும், கிராமத்து உறவினர் பஸ்ஸில் அனுப்பிய அவரை விதையும் மாவும்தான். அப்போதும் ஸ்லாவா நிற்கவில்லை. மேஜையில் பண்டம் குறைந்தது. கோதுமையும் ரொட்டியும் மெழுகுவர்த்தியும் இருந்தன.

ஒரு கரண்டி இனிப்பு

ஸ்லாவா இல்லாத சாதாரண நாளில் ஒருவர் வீட்டுக்குப் போனால் என்ன கிடைக்கும்? பழைய முறைப்படி முதலில் வருவது ஒரு தட்டு. அதில் ஒரு கண்ணாடிக் கிண்ணம், கரண்டிகள், டம்ளர்களில் குளிர்ந்த தண்ணீர். கிண்ணத்தில் இருப்பது ‘ஸ்லாட்கோ’. பழத்தை உருக்குலையாமல் கெட்டிப் பாகில் காய்ச்சியது. ரோஜா இதழ், காட்டு ஸ்ட்ராபெரி, பிளம், பிஞ்சு அக்ரூட் என்று பல வகை. பழம் குழையாமல் இருக்கச் சுண்ணாம்புத் தெளிநீரில் சிறிது நேரம் ஊறப் போடுவார்கள். கைப்பக்குவம் அதில்தான் இருக்கிறது.

விருந்தாளி ஒரே ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீரைக் குடித்து, கரண்டியை டம்ளரில் போட்டுவிட வேண்டும். “நன்றாயிருக்கிறதே!” என்று இரண்டாம் முறை எடுப்பது சரியில்லை. மூன்றாம் முறை எடுத்தவனைப் பற்றி ஊரே பேசும்!

அப்புறம் ‘ரக்கியா’ என்ற பழச் சாராயம் சிறு கிண்ணத்தில் வரும். பிளம் பழத்தில் வடிப்பதற்கு மதிப்பு அதிகம். 2022இல் அதுவும் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்று விட்டது. வேண்டாம் என்பவரை ஒருமுறையாவது வற்புறுத்தாமல் விட மாட்டார்கள். கிண்ணத்தை உயர்த்தும்போது ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்க வேண்டும். எங்கோ பார்த்துக்கொண்டு குடிப்பவனை நம்பக் கூடாது என்பார்கள்.

பிறகு காப்பி. துருக்கிய முறையில், நீண்ட கைப்பிடியுள்ள சிறு பாத்திரத்தில் தூளோடு கொதிக்கவைத்த காப்பி. வடிகட்டுவதில்லை. அவசரமாகக் குடித்தால் வாயெல்லாம் மண்டி. மெதுவாகக் குடித்து, பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தக் காப்பியிலும் மூன்று தரம் உண்டு. வந்தவுடன் கொடுப்பது வரவேற்புக் காப்பி. நடுவில் வருவது பேச்சுக் காப்பி. விருந்தாளி எழுந்திருக்கும் வழியாக இல்லை, வீட்டுக்காரிக்குத் தூக்கம் வருகிறது என்றால் மூன்றாவதாக ஒன்று வரும். அதற்குச் ‘சிக்தெருஷா’ என்று பெயர். பெயர் வந்த துருக்கிச் சொல்லின் அர்த்தத்தை இங்கே அச்சிட முடியாது. ‘புறப்படு’ என்பதை மிகவும் மரியாதைக் குறைவாகச் சொல்வது அது! வீட்டுக்காரி புன்சிரிப்போடு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைப்பாள். பழகிய விருந்தாளி அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தொப்பியைத் தேடுவார்.